டேப்புல போற டேட்டாவ விட லேபிள்ல போற டேட்டாதான் ஜாஸ்தி

போன ஞாயித்துக்கிழமை ஒரு பழைய எல்டிஓ-5 கார்ட்ரிட்ஜ, அதாவது கம்பெனி சர்வர்ல இருக்குற டேட்டாவ பேக்கப் எடுத்து வைக்குற காந்த டேப் டப்பாவ, டேபிள் மேல போட்டு பிரிச்சேன். ஸ்க்ராப்புக்குப் போக வேண்டிய டேப்தான், அது ஏன் ஸ்க்ராப் ஆச்சுங்குறத கடைசில சொல்றேன். அடியில இருக்குற குட்டி ஸ்க்ரூவ கழட்டி மூடிய தூக்கினா உள்ள ஒரே ஒரு சக்கரம். நம்ம பழைய ஆடியோ கேசட்ல ரெண்டு சக்கரம் இருக்கும்ல, இதுல ரெண்டாவது சக்கரம் டிரைவுக்குள்ள, அதாவது டேப்ப படிச்சு எழுதுற மெஷினுக்குள்ள இருக்கு. அதாவது டேப்ப உள்ள விட்டதும் டிரைவே கைய நீட்டி டேப்போட நுனிய புடிச்சு வெளிய இழுத்து தன் சக்கரத்துல சுத்திக்கணும். அந்த நுனியில தீக்குச்சி சைஸ கூட எட்டாத ஒரு உலோகக் குச்சி, லீடர் பின்னுன்னு பேரு, மேலயும் கீழயும் ஒரு குட்டி ஸ்ப்ரிங் கிளிப்புல மாட்டி நிக்குது. 846 மீட்டர் டேப்பு, அதுல ஒன்றரை டிபி டேட்டா, எல்லாமே அந்தக் குச்சி தன் எடத்துல நிக்குறத நம்பித்தான் ஓடுது.

கார்ட்ரிட்ஜ கீழ போட்டா என்ன ஆகும்னு புதுசா வர்ற பசங்க கேப்பாங்க, ப்ளாஸ்டிக் உடையலையே சார், வெளிய ஒரு கீறல் கூட இல்லையேம்பாங்க. வெளிய ஒண்ணும் ஆகாது, அதுதான் பிரச்சினையே. அந்தக் குச்சி கிளிப்ப விட்டு நழுவிடும். இல்லேன்னா சக்கரத்துக்கு அடியில வட்டமா பல்லு இருக்கு, டிரைவோட மோட்டார் அதுலதான் வந்து கோத்துக்கும், அந்தப் பல்லு பிசகிடும். இல்லேன்னா சுத்தி இருக்குற டேப்போட ஓரம் ஒரு பக்கமா இறங்கி மடங்கிடும். எல்டிஓ-5 டேப்போட தடிமன் 6.4 மைக்ரான், தலைமுடிய விட பல மடங்கு மெல்லிசு, அகலம் அரை இஞ்சுதான், அந்த அரை இஞ்சுக்குள்ள 1280 ட்ராக் ஓடுது. ஓரத்துல ஒரு மடிப்பு விழுந்தா எத்தன ட்ராக் காலின்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க. இதெல்லாம் தெரியாம அந்த டேப்ப டிரைவ்ல சொருகினா குச்சிய புடிக்கப் போன டிரைவ் வெறும் காத்த புடிச்சுட்டு நிக்கும், டேப் உள்ளயே சிக்கும், அப்புறம் டேப்போட விலை ஆயிரத்துல, டிரைவோட விலை லட்சத்துல.

அதனால கீழ விழுந்த டேப்ப எடுத்ததும் முதல்ல லேசா ஆட்டி காதுகிட்ட வச்சுப் பாருங்க, உள்ள ஏதாவது கடகடன்னா அத டிரைவ் பக்கமே கொண்டு போகாதீங்க. ரெண்டு பாதியும் சேர்ற எடத்துல இடைவெளி விட்டிருக்கான்னு பாருங்க. பக்கத்துல இருக்குற குட்டிக் கதவ விரலால தள்ளி குச்சி நேரா நிக்குதான்னு பாருங்க, பாக்குறதோட நிறுத்திக்கோங்க, டேப்ப தொட்டுராதீங்க, விரல்ல இருக்குற எண்ணெய் அதுல பட்டா அப்புறம் அது டிரைவுக்குள்ள டேப்ப படிக்குற ஹெட்டுக்குப் போகும். எல்லாம் சரியா இருந்தா ஒரு தடவ படிச்சு டேட்டாவ வேற டேப்புக்கு மாத்திட்டு, விழுந்தவன ரிட்டையர் பண்ணிடுறது என் பழக்கம்.

சரி, இப்ப லேபிளுக்கு வரேன், ஏன்னா இத்தன வருஷத்துல டேப் கெட்டுப் போய் டேட்டா போனத நான் பாத்தது கை விரல் எண்ணிக்கைதான், ஆனா எந்த டேப்னு தெரியாம போனது, தப்பான டேப்ப எடுத்து மேல எழுதினது, இதுக்கெல்லாம் கணக்கே கிடையாது.

எல்டிஓ லேபிள்ல எட்டு எழுத்து இருக்கும். முதல் ஆறு நம்ம இஷ்டம், இங்கிலீஷ் பெரிய எழுத்தும் நம்பரும் மட்டும். கடைசி ரெண்டு அது என்ன டேப்னு சொல்லும், எல்5ன்னா அஞ்சாம் தலைமுறை, எல்9ன்னா ஒன்பதாவது. அது ஏன் ஆறு, பத்து வச்சா குறைஞ்சா போயிடும்னு ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். அது ஐபிஎம் விட்டுட்டுப் போன சொத்து. 1960கள்ல அவங்க பெரிய கம்ப்யூட்டருக்கு ஓஎஸ்/360ங்குற ஆபரேட்டிங் சிஸ்டம் வந்தப்போ ஒவ்வொரு டேப்போட ஆரம்பத்துலயும் 80 பைட்டுக்கு ஒரு தலைப்பு எழுதுவாங்க, அப்ப பஞ்ச் கார்டுல 80 கட்டம், அதே அளவு. அந்த 80ல முதல் நாலு எடத்துல விஓஎல்1னு போட்டு, அடுத்த ஆறு எடத்துல டேப்போட நம்பர். வால்யூம் சீரியல், சுருக்கமா வால்சர். அறுபது வருஷம் ஆச்சு, பஞ்ச் கார்டு மியூசியத்துக்குப் போயிடுச்சு, ஆறு எழுத்து மட்டும் அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கு.

இதுலேர்ந்து ஒரு விஷயம் புரியணும். ஒரு டேப்புக்கு ரெண்டு பேரு. வெளிய ஸ்டிக்கர்ல ஒண்ணு, உள்ள காந்தத்துல எழுதினது ஒண்ணு. அந்தக் காலத்துல ஆபரேட்டர் வெளிய இருக்குறத கண்ணால படிச்சு ரீல எடுத்து மாட்டுவார், மெஷின் உள்ள இருக்குறத படிச்சு இது நான் கேட்டதுதானான்னு பாக்கும், ரெண்டும் ஒத்துப் போகலேன்னா கத்தும். 1987ல ஸ்டோரேஜ்டெக் கம்பெனி 4400ன்னு ஒரு பெரிய உருளை மாதிரி லைப்ரரி, அதாவது டேப்ப அடுக்கி வச்சு தானே எடுத்து மாட்டுற மெஷின், கொண்டு வந்துச்சு, சுமார் 6000 கார்ட்ரிட்ஜ் உள்ள நிக்கும், நடுவுல ரோபோ கை, அந்தக் கையில ஒரு கேமரா, அது ஸ்டிக்கர படிக்கும். ஆபரேட்டர் கண்ணு போய் கேமரா கண்ணு வந்துச்சு, மத்தபடி கதை அதேதான். இன்னைக்கு எல்டிஓ லைப்ரரியிலயும் ரோபோ முதல்ல பாக்குறது ஸ்டிக்கர்ல அந்த எட்டு எழுத்தையும் கோடு கோடா அடிச்சிருக்குற பார்கோடுதான், கோட் 39ன்னு பேரு. உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்னா டேப்ப எடுத்து டிரைவ்ல போட்டு குச்சிய புடிச்சு இழுத்து, அதுக்கே ஒரு நிமிஷம் பக்கத்துல ஆகும், நானூறு டேப் இருக்குற லைப்ரரியில யாரு அதச் செய்வா? அதனால சாப்ட்வேர் ஸ்டிக்கர நம்பும். ஸ்டிக்கர் பொய் சொன்னா டிரைவ்ல ஏறின பிறகுதான் தெரியும்.

ஒரு எடத்துல நான் வேலை பாத்தப்போ லேபிள் ஷீட் ரெண்டு தடவ ஆர்டர் பண்ணிட்டாங்க, ஆர்டர் குடுத்தவங்க ஆரம்ப நம்பர் போடல, ப்ரிண்டர்காரர் ரெண்டு தடவையும் 000001லேர்ந்தே அடிச்சுக் குடுத்துட்டார். புதுசா வந்த ஐம்பது டேப்புல யாரோ அத ஒட்டியும் முடிச்சாச்சு. அதுல பாதிய லைப்ரரியில போட்ட அன்னைக்கு ராத்திரி பேக்கப் ஜாப் எல்லாம் வரிசையா ஃபெயில், ஒரே பேர்ல ரெண்டு டேப் ரெண்டு ஸ்லாட்ல நின்னா அது யாரத்தான் நம்பும். நல்ல காலம் பழைய டேப் பெரும்பாலும் அப்ப வெளிய லாக்கர்ல இருந்துச்சு. யோசிச்சா அது கெட்ட காலமும் கூட, ஏன்னா அந்த லாக்கர்லேர்ந்து யாராவது ஒரு ரீஸ்டோருக்கு 000017 கொண்டாங்கன்னு கேட்டிருந்தா எந்த 17 வந்திருக்கும்? ரெண்டு நாள் உக்காந்து ஐம்பதையும் உரிச்சு ஒட்டினோம். அந்த உரிக்குற வேலை சாதாரணம் இல்ல, பழைய ஸ்டிக்கர் மேலயே புதுச ஒட்டக் கூடாது, தடிமன் கூடிப் போனா டிரைவ் வாயில உரசும், கோந்து மிச்சம் இருந்தா அதுவும் உள்ள போகும்.

ஒட்டுறதுக்குன்னு கார்ட்ரிட்ஜோட முன் பக்கத்துல, கைல புடிக்குற ஓரத்துல, ஒரு பள்ளம் விட்டிருப்பாங்க. ஸ்டிக்கர் அந்தப் பள்ளத்துக்குள்ள அடங்கி உக்காரணும், வெளிய ஒரு மில்லிமீட்டர் கூட வரக் கூடாது, தலைகீழா இருக்கக் கூடாது, கோணலா இருக்கக் கூடாது, பக்கத்துல இருக்குற வெள்ளை எடத்துல பேனாவால எழுதக் கூடாது, ஏன்னா அந்த வெள்ளையும் பார்கோடோட ஒரு பகுதிதான், ஸ்கேனர் எங்க ஆரம்பம் எங்க முடிவுன்னு அத வச்சுத்தான் கண்டுபிடிக்கும். ஆபீஸ் ப்ரிண்டர்ல சாதா ஸ்டிக்கர் பேப்பர்ல அடிச்சு கத்தரிக்கோலால வெட்டி ஒட்டுற மகான்களும் இருக்காங்க. அது ஏசி ரூம்ல ஆறு மாசம் தாங்கும், டிரைவ் சூட்டுல ஒரு நாள் மூலை தூக்கும், தூக்கின மூலை உள்ள மாட்டிக்கும். எங்க டீம்ல ஒரு அண்ணன் டேப்போட மேல் பக்கத்துலயே பெருசா ‘மார்ச் மாசக் கடைசி’ன்னு காகிதம் எழுதி செல்லோடேப் போட்டு ஒட்டி வச்சிருந்தார், அவர் மனசுல அது நல்ல எண்ணம்தான், மூணு மாசம் கழிச்சு டிரைவ பிரிக்க என்ஜினியர் வந்தப்போ அந்த செல்லோடேப்ப இடுக்கியில தூக்கிக் காட்டினார், யாரும் ஒண்ணும் பேசல.

கடைசி ரெண்டு எழுத்து அலங்காரம்னு நெனச்சிடாதீங்க. எந்த டிரைவ் எந்த டேப்ப படிக்கும்குறது அதுலதான் இருக்கு. ஏழாம் தலைமுறை வரைக்கும் ரெண்டு தலைமுறை பழசு வரை டிரைவ் படிக்கும், எல்டிஓ-8ல ஹெட் டெக்னாலஜி மாறினதால ஒரு தலைமுறை பழசு மட்டும்தான், எல்6 லேபிள் போட்ட டேப்ப எல்டிஓ-8 டிரைவ்ல போட்டா வெளிய துப்பிடும். கலர பாத்து சொல்லிடுவேன்னு சிலர் சொல்வாங்க, ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு கலர் அடிக்குறாங்க, அத நம்பாதீங்க. இதுல இன்னும் வேடிக்கை எம்8. எல்டிஓ-7 புது டேப் ஒண்ண எடுத்து எல்7னு ஒட்டினா 6 டிபி புடிக்கும். அதே டேப்புல எம்8னு ஒட்டி எல்டிஓ-8 டிரைவ் இருக்குற லைப்ரரியில போட்டா 9 டிபி. டேப் அதே டேப்தான், ஸ்டிக்கர பாத்து டிரைவ் வேற மாதிரி ஃபார்மட் பண்ணுது. ஆனா ஒரு தடவ எம்8 ஆயிட்டா திரும்ப எல்7 ஆக்க முடியாது, பழைய எல்டிஓ-7 டிரைவும் அத ஏத்துக்காது. ஒரு காகிதத் துண்டுல ரெண்டு எழுத்து மாறினதுக்கு மூணு டிபி கூடுது, போற வழி மட்டும்தான், திரும்ப வர்ற வழி கிடையாது. சிஎல்என்னு ஆரம்பிக்குற லேபிளும் இப்படித்தான், அது க்ளீனிங் டேப், ரோபோ அத பாத்துத்தான் ஹெட்ட தொடைக்க எடுக்கும், அத டேட்டா டேப்புல தப்பா ஒட்டி வச்சா நடக்குறது என்னன்னு சோதிச்சுப் பாக்க வேணாம்.

கார்ட்ரிட்ஜோட ஒரு மூலையில சின்னதா ஒரு சிப் இருக்கு, நான் பிரிச்சதுலயும் அது கழண்டு டேபிள் மேல விழுந்துச்சு. டிரைவ் அத தொடாமலேயே ரேடியோவுல படிக்கும், டேப்போட ஃபேக்டரி சீரியல் நம்பர், எத்தன தடவ ஏறினது, எவ்ளோ எழுதினதுன்னு அதுல இருக்கும். ஸ்டிக்கர் உரிஞ்சு போன அநாதை டேப்ப கண்டுபிடிக்க இது கை குடுக்கும், ஆனா பழைய பதிவுல அந்த சீரியல் நம்பர எழுதி வச்சிருந்தாத்தான். இதே பிரச்சினைக்கு இன்னொரு வழி எல்டிஎஃப்எஸ், 2010ல எல்டிஓ-5 கூடவே வந்துச்சு, டேப்ப ரெண்டா பிரிச்சு ஒரு பக்கம் ஃபைல் பட்டியல், இன்னொரு பக்கம் ஃபைலு, அதனால டேப்ப மாட்டினா பென் டிரைவ் மாதிரி உள்ள இருக்குறது தெரியும். சாதாரண பேக்கப் சாப்ட்வேர்ல எழுதினதுக்கு இந்த சொகுசு கிடையாது, எந்த டேப்புல எதுன்னு சொல்ற கேட்டலாக் சர்வர்ல இருக்கும், அந்த சர்வரே செத்துப் போனா கைல ஐம்பது டேப்போட முழிக்கணும். டேப் லிஸ்ட்ட காகிதத்துல ப்ரிண்ட் எடுத்து வேற கட்டிடத்துல வைக்கச் சொல்லி நான் கேட்டப்போ ரெண்டு பேர் சிரிச்சாங்க, சிரிக்கட்டும்.

பேர் சரியா இல்லாம போனா என்ன ஆகும்குறதுக்கு உலகத்துலயே பெரிய உதாரணம் நாசாவோடது. 1969ல அப்பல்லோ 11 நிலாவுலேர்ந்து அனுப்பின படம், டிவியில ஜனங்க பாத்தத விட தெளிவானது, தரையில இருந்த ஸ்டேஷன்ல டெலிமெட்ரி டேப்புல பதிவாச்சு. அது 14 ட்ராக் டேப், படம் அதுல ஒரு ட்ராக்குல, மத்ததுல விண்கலத்துலேர்ந்து வந்த மத்த தகவல். அப்போ பதிவு புத்தகத்துல அது ஆயிரத்தோட ஆயிரத்தொண்ணு, இன்னொரு டெலிமெட்ரி டேப். அப்புறம் டேப்புக்கு தட்டுப்பாடு வந்தப்போ பழசெல்லாம் எடுத்து அழிச்சு திரும்ப உபயோகிச்சுட்டாங்க. வருஷக்கணக்கா தேடிட்டு 2009ல நாசாவே சொல்லிடுச்சு, அதுவும் அதுல போயிருக்கணும்னு. அழிச்ச ஆபரேட்டர் மேல எனக்கு கோவமே வரல, அவர் கைல வந்த பொட்டி மேல வேற மாதிரி ஒண்ணும் எழுதலையே.

ஆனா வெளிய எல்லாத்தையும் எழுதி வைக்குறதும் தப்பு. 2005ல அமெரிக்காவுல பேங்க் ஆஃப் அமெரிக்கா பன்னெண்டு லட்சம் அரசு ஊழியர்களோட கணக்கு இருந்த டேப்ப அனுப்புறப்போ தொலைச்சுது, அதே வருஷம் சிட்டி குரூப்போட 39 லட்சம் பேர் தகவல் இருந்த டேப் கூரியர்ல காணாம போச்சு. அதுக்கு அப்புறம் 2007ல வந்த எல்டிஓ-4லேர்ந்து டிரைவே என்க்ரிப்ட் பண்ணி, அதாவது சாவி இல்லாம யாரும் படிக்க முடியாதபடி மாத்தி, எழுதுற வசதி வந்துச்சு. அது இருந்தாலும், ஸ்டிக்கர்ல ‘சம்பள டேட்டா’ன்னோ வாடிக்கையாளர் பேரோ போடாதீங்க, ஆறு எழுத்து நம்பர் மட்டும் போதும், அர்த்தம் பதிவு புத்தகத்துல இருக்கட்டும், எடுத்தவனுக்கு அது வெறும் ப்ளாஸ்டிக் டப்பாவா தெரியணும்.

தூக்கிட்டுப் போறதப் பத்தி நெறைய பேர் காந்தத்துக்குத்தான் பயப்படுறாங்க. மொபைல் பக்கத்துல வைக்கலாமா, ஏர்போர்ட் எக்ஸ்ரேல போகலாமான்னு. எக்ஸ்ரேயால ஒண்ணும் ஆகாது. நெஜமா பயப்பட வேண்டியது சூடும் ஈரமும். வருஷக்கணக்கா வைக்குறதுக்கு சொல்ற அளவு 16லேர்ந்து 25 டிகிரி, ஈரப்பதம் 20லேர்ந்து 50 சதவீதம். சென்னையில சாதாரண நாள்லயே வெளிய ஈரப்பதம் 70ஐ தாண்டும், மே மாசம் மத்தியானம் கார் டிக்கி எப்படி இருக்கும்னு சொல்லணுமா. ஏசி ரூம்லேர்ந்து அதுல போட்டு, அங்கேர்ந்து இன்னொரு ஏசி ரூமுக்கு கொண்டு போய் உடனே டிரைவ்ல சொருகுறோம், மூக்குக் கண்ணாடியில ஆவி படியுற மாதிரி டேப்புலயும் படியும். 24 மணி நேரம் அந்த ரூம்லயே சும்மா வச்சுட்டு அப்புறம் போடுங்கன்னு சொல்றது அதுக்குத்தான். இன்னொண்ணும் இருக்கு, டேப் ப்ளாஸ்டிக் ஃபிலிம்தானே, சூட்டுலயும் ஈரத்துலயும் அகலம் துளி மாறும். 1280 ட்ராக் இருந்த காலத்துல அது பெருசா தெரியல, 2021ல வந்த எல்டிஓ-9ல அதே அரை இஞ்சுல 8960 ட்ராக், டேப் நீளம் ஒரு கிலோமீட்டருக்கு மேல. அதனால புது எல்டிஓ-9 டேப்ப முதல் தடவ போட்டதும் டிரைவ் அந்த ஊரு சூட்டுக்கு ஏத்த மாதிரி அத அளந்து பாக்கும், சில நேரம் ரெண்டு மணி நேரம் வரைக்கும் போகும். இது தெரியாம ஹேங் ஆயிடுச்சுன்னு பவர ஆஃப் பண்ணினவங்கள எனக்குத் தெரியும். புது டேப் டப்பாவ எங்க உபயோகிக்கப் போறீங்களோ அந்த ரூம்லயே வச்சுப் பழக்குங்க, வேற ஊர்ல ஃபார்மட் பண்ணி அனுப்பாதீங்க.

மத்தபடி டேப்ப அதோட ப்ளாஸ்டிக் உறையில போட்டு புத்தகம் மாதிரி நிக்க வைக்கணும், படுக்கப் போட்டா சுத்து மெல்ல ஒரு பக்கமா சரியும். அட்டைப் பொட்டியில சும்மா கொட்டி அனுப்பக் கூடாது, சுத்தி மெத்து மெத்துன்னு ஏதாவது வேணும். பக்கத்துல இருக்குற பூட்டு ஸ்விட்ச தள்ளிட்டு அனுப்புங்க, அந்தக் காலத்து ரீல்ல பின்னாடி ஒரு ப்ளாஸ்டிக் வளையம் இருக்கும், வளையம் இல்லேன்னா எழுத்து இல்லன்னு ஆபரேட்டருங்க மந்திரம் மாதிரி சொல்வாங்களாம், அதே வேலைதான் இந்த ஸ்விட்ச். இப்படி வச்சா 30 வருஷம் தாங்கும்னு தயாரிக்குறவங்க சொல்றாங்க. 2011 பிப்ரவரியில ஒரு சாப்ட்வேர் கோளாறால ஜிமெயில்ல 0.02 சதவீதம் பேரோட மெயில் காணாம போனப்போ, மத்த காப்பியிலயும் கோளாறு பரவியிருந்ததால கூகுள் கடைசில டேப்புலேர்ந்துதான் எடுத்துக் குடுத்துச்சு. அந்த டேப்பு எதுன்னு கண்டுபிடிக்க அவங்களுக்கு முடிஞ்சுதுங்குறதத்தான் நான் கவனிச்சேன்.

இப்ப அந்த ஸ்க்ராப் டேப். ஒரு தடவ நாப்பது பழைய எல்டிஓ-5 டேப்புங்கள திரும்ப உபயோகிக்கலாம்னு முடிவாச்சு. ஸ்டிக்கர் புதுசா ஒட்டினா போதும்னு நான் சொல்லிட்டு லீவுல போயிட்டேன். வேற ஒருத்தர், நல்ல மனுஷன், வேலையில படு சுத்தம், பழைய டேட்டா ஒரு துளி இருக்கக் கூடாதுன்னு எல்லாத்தையும் டீகாஸர்ல, அதாவது பெரிய காந்தத்துல, ஒண்ணொண்ணா விட்டு எடுத்துட்டார். பழைய ரீல் காலத்துல அது சரியான வேலைதான். எல்டிஓல டேட்டாவுக்கு நடுவுல அஞ்சு சர்வோ பட்டை இருக்கு, ஃபேக்டரியில எழுதினது, ஹெட் எங்க நிக்கணும்னு வழி காட்டுறதே அதுதான், நம்ம டிரைவால அத திரும்ப எழுத முடியாது. காந்தம் டேட்டாவோட சேத்து அதையும் தொடச்சுடுச்சு. நான் லீவு முடிஞ்சு வந்தப்போ நாப்பது டேப்பும் ரேக்குல வரிசையா நின்னுச்சு, எல்லாத்துலயும் புது ஸ்டிக்கர், பள்ளத்துக்குள்ள நூல் புடிச்ச மாதிரி நேரா ஒட்டியிருந்துச்சு. டிரைவ் ஒண்ண கூட ஏத்துக்கல.